ரோமில் கால் பார்த்த கதை

சர்ச் வாசலில் அக்கா குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இங்க ஷூவோடயே போகலாம்."

"சாமி இருக்கிற இடம்தானடி?"

"ஆமாக்கா. ஆனா இவங்க ஊர்ல அப்படித்தான். பாரு, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க."

பார்த்தாள். ஒரு கன்னியாஸ்திரி கறுப்பு ஷூ டக் டக்கென்று ஒலிக்க எங்களைத் தாண்டி உள்ளே போனார். அக்காவுக்குத் திருப்தியில்லை. மறுபடி லேஸைக் கட்டிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு போ," என்றபடி நுழைந்தாள். அன்று சாயங்காலம்வரை அந்தக் குறை அவளுக்குத் தீரவில்லை.

அக்கா முப்பத்துநாலு வருஷம் தபாலாபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவள். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். வீட்டில் முருகன், பள்ளியில் மாதா என்று வளர்ந்ததால் பைபிள் கதைகள் எனக்கு ஓரளவு தெரியும். ரோமில் எங்களுக்கு நாலே நாள். முதல் நாள் ஒரு பெரிய மியூசியத்துக்குள் ஐந்து மணி நேரம் நடந்து, வெளியே வந்து யோசித்தால் ஒரு படமும் நினைவில் இல்லை. கல்யாண மண்டபத்தில் நானூறு பேரைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. ராத்திரி படுக்கும்போது முடிவு செய்தேன்: நாளைக்கு ஒரே ஆள். காரவாஜியோ மட்டும்.

அந்த மனிதருக்கு இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. அவர் படங்கள் பலவற்றை டிக்கெட் வாங்காமலே பார்க்கலாம். யாருக்காக, எந்தச் சுவருக்காக வரைந்தாரோ, நானூறு வருஷமாக அதே சுவரில் இருக்கின்றன. மீதிப் படங்களுக்கு மட்டும்தான் மியூசியத்தில் காசு கட்ட வேண்டும். அவை ஏன் மியூசியத்துக்குப் போயின என்பது தனிக் கதை. அந்தக் கதை முழுக்கக் காலைப் பற்றியதாக இருக்கும் என்று கிளம்பும்போது எனக்குத் தெரியாது.

முதலில் போனது சாந்தா மரியா தெல் பொப்போலோ. ஊரின் வடக்கு வாசலை ஒட்டிய பெரிய சதுக்கம். நடுவில் எகிப்திலிருந்து அகஸ்டஸ் காலத்தில் கொண்டுவந்த கல்தூண். 1589-இல் ஒரு போப் அதை இங்கே நிறுத்தி உச்சியில் ஒரு சிலுவையையும் வைத்துவிட்டார். இந்த சர்ச் எழுந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். நீரோ மன்னனைப் புதைத்த இடத்தில் ஒரு அக்ரூட் மரம் முளைத்ததாம், அதில் பேய் குடியிருந்து போகிற வருகிறவர்களைப் படுத்தியதாம். 1099-இல் போப் இரண்டாம் பாஸ்கல் மரத்தை வெட்டி, எலும்புகளை ஆற்றில் எறிந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன ஆலயம் கட்டினாராம். இதைச் சொன்னதும்தான் அக்காவுக்கு ஊர்மேல் ஒரு பற்று வந்தது. "நம்ம ஊர்னா புளியமரம்," என்றாள். "அவ்வளவுதான் வித்தியாசம்."

பீடத்துக்கு இடப்பக்கம் செராசி என்பவர் வாங்கிய குட்டிச் சன்னதி. ஆமாம், சன்னதி என்றே சொல்கிறேன், சிற்றாலயம் என்று எழுதினால் கை கூசுகிறது. தீபேரியோ செராசி போப்பின் கஜானா அதிகாரி. தன் கல்லறைக்காக இந்த இடத்தை வாங்கி, 1600-இல் காரவாஜியோவிடம் இரண்டு படம் கேட்டார். நடுவில் பீடத்தின் மேல் மாதா விண்ணுக்கு ஏறும் படம், அது அன்னிபாலே கராச்சி வரைந்தது. பளிச்சென்று சிவப்பும் நீலமும். பக்கச் சுவர்கள் இரண்டும் காரவாஜியோவுக்கு. இடப்பக்கம் பேதுருவைச் சிலுவையில் அறைவது, வலப்பக்கம் பவுல் குதிரையிலிருந்து விழுவது. எங்கள் பள்ளியில் வயதான சிஸ்டர்கள் இவர்களை ராயப்பர், சின்னப்பர் என்பார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். அந்தப் பெயர்களைச் சொன்னால்தான் எனக்கு இவர்கள் ஆட்களாகத் தெரிகிறார்கள்.

உள்ளே இருட்டு. கயிறு கட்டியிருந்ததால் சன்னதிக்குள் போக முடியாது, வெளியே நின்று சாய்வாகத்தான் பார்க்க வேண்டும். ஓரமாக ஒரு இரும்புப் பெட்டி, காசு போட்டால் விளக்கு எரியும்.

"விளக்குக்குக் காசா?" என்றாள் அக்கா.

"நம்ம ஊர்ல சிறப்பு தரிசனத்துக்கு வாங்கலியா?"

அதற்குப் பதில் சொல்லாமல் பர்ஸைத் திறந்தாள். சில்லறையை அக்கா ரகம் பிரித்துத்தான் வைத்திருப்பாள், பழைய உத்தியோகப் பழக்கம். ஒரு யூரோ போட்டாள். டக்கென்று ஒரு சத்தம், வெளிச்சம்.

ராயப்பர் படத்தில் முதலில் கண்ணில் படுவது ராயப்பர் இல்லை. மூன்று வேலையாட்கள் சிலுவையைத் தூக்கி நிறுத்துகிறார்கள். தலைகீழாக அறையும்படி அவரே கேட்டுக்கொண்டார் என்பது மரபு. ஒருவன் கயிறு இழுக்கிறான், ஒருவன் கட்டையைப் பிடித்திருக்கிறான், மூன்றாமவன் மண்வெட்டியும் கையுமாகச் சிலுவைக்கு அடியில் புகுந்து முதுகால் முட்டுக்கொடுக்கிறான். அந்த மூன்றாமவனின் பின்பக்கம் நம்மைப் பார்த்து இருக்கிறது. அவன் உள்ளங்கால் கன்னங்கரேலென்று அழுக்கு. கொடூரமான ஆட்களாக யாரும் இல்லை. மின்கம்பம் நடுகிறவர்கள் மாதிரி, பாரம் தூக்குகிறவர்கள் மாதிரி, வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். எனக்கு அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

எதிர்ச் சுவரில் சின்னப்பர் மல்லாக்க விழுந்து கைகளை விரித்துக் கிடக்கிறார். படத்தின் பெரும்பகுதியைக் குதிரை அடைத்துக்கொண்டிருக்கிறது. குதிரையைப் பிடித்திருக்கும் கிழவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. அவர் கவனமெல்லாம் குதிரை விழுந்தவனை மிதித்துவிடக் கூடாது என்பதில்தான். அவருக்கும் வெறுங்கால், நரம்பு புடைத்த கால். வானத்திலிருந்து குரல் கேட்கிற கதையில் வானமும் இல்லை, குரலுக்கு உருவமும் இல்லை, குதிரையின் தோலில் விழுகிற வெளிச்சம் மட்டும்.

இந்த இரண்டு படத்துக்கும் முதலில் காரவாஜியோ வேறு மாதிரி வரைந்து, பிறகு மாற்றிக் கொடுத்தார். அந்த முதல் பவுல் படம் இன்றும் ஒரு தனியார் குடும்பத்திடம் இருக்கிறது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், அதில் வானம், தேவதூதன், இயேசு என்று கூட்டமான கூட்டம். அதை ஒதுக்கிவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டதற்கு இந்தச் சன்னதியின் இடுக்கமும் ஒரு காரணமாக இருக்கும் என்று அங்கே நின்றபோது தோன்றியது. சாய்வாக நின்று பார்க்கிறவனுக்குக் கூட்டமான படம் புரியாது. ஒரு பெரிய உடம்பு இருந்தால் போதும்.

டக். விளக்கு அணைந்தது. எங்கள் பின்னால் ஒன்பது பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள், எல்லாரும் அக்கா காசில் பார்த்தவர்கள். அடுத்த காசை யார் போடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வா போகலாம்," என்றாள் அக்கா. தர்மத்துக்கு ஓர் அளவு உண்டு.

சதுக்கத்துக்கு மேலே பின்ச்சோ குன்று. படி ஏறினால் ஒரு பெரிய பூங்கா, அதன் மறுகோடியில் பொர்கேசே மாளிகை. அரை மணி நடை. பதினொரு மணிக்கு முன்பதிவு செய்திருந்தேன். அங்கே நினைத்த நேரத்தில் நுழைய முடியாது, இரண்டு மணி நேரம்தான் கணக்கு, கைப்பையைக்கூட வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். பர்ஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா பையைக் கொடுத்த அழகு இருக்கிறதே, தத்துக் கொடுப்பது மாதிரி.

இந்த மாளிகையைக் கட்டிய ஷிப்பியோனே பொர்கேசே ஒரு கர்தினால், போப் ஐந்தாம் பவுலின் சகோதரி மகன். ரசனை உள்ளவர். ஆசைப்பட்ட படத்தை அடையாமல் விடாதவர். 1607-இல் ஓவியர் தார்பீனோவின் வீட்டில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பறிமுதலாகி மருமகன் கைக்கு வந்தன. அவற்றில் காரவாஜியோ இளைஞனாக வரைந்த பழக்கூடைப் பையனும் நோயாளி பாக்கஸும் உண்டு. மறு வருஷம் பெரூஜா ஊர் சர்ச் ஒன்றில் ரஃபேல் வரைந்திருந்த படத்தின்மேல் கண் விழுந்தது. மகனைக் கொலையில் பறிகொடுத்த அதலாந்தா பால்யோனி என்ற தாய், அவன் நினைவாகச் சொல்லி வரையவைத்த படம் அது. இயேசுவின் உடலைத் தூக்கிச் செல்லும் காட்சி. ராத்திரியோடு ராத்திரியாக அதைக் கழற்றி ரோமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். போப் அதைத் தன் மருமகனுக்குச் சொந்தம் என்று ஆக்கிவிட்டார். பெரூஜாவுக்கு ஒரு நகல் போனது. மாடியில் அந்தப் படத்தின் முன்னால் நின்று இதைச் சொன்னேன்.

"போலீஸ்ல சொல்லலியா?" என்றாள் அக்கா.

"போலீஸே மாமாதான்க்கா."

கீழ்த்தளத்தில் ஒரே அறையில் காரவாஜியோவின் ஆறு படங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது, நேருக்கு நேர் நிற்கலாம், காசும் போட வேண்டாம். எல்லா வசதியும் இருந்தும் பத்து நிமிஷம் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்? அதிலும் ஒன்று மிகப் பெரிய படம், மற்றவற்றோடு சேராமல் நிற்கிறது. அருகே போய்ப் படித்தால், சர்ச்சுக்காக வரைந்தது.

மாதா, சின்னப் பையனாக இயேசு, பக்கத்தில் பாட்டி அன்னம்மாள். ஒரு பாம்பை மாதா காலால் மிதிக்கிறாள், அவள் பாதத்தின்மேல் பையன் தன் பாதத்தை வைத்து அழுத்துகிறான். குழந்தைக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுக்கும்போது நாம் பிடித்துக்கொள்கிற மாதிரி, குனிந்து அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். பாட்டி சுருக்கம் விழுந்த முகத்தோடு தள்ளி நின்று பார்க்கிறாள். போப்பின் குதிரைப் பரிவாரத்தைச் சேர்ந்தவர்களின் சங்கம் ஒன்று, புனித பேதுரு பேராலயத்தில் இருந்த தங்கள் பீடத்துக்காக 1605-இல் கேட்ட படம். அடுத்த வருஷம் அங்கே மாட்டிய சில நாளிலேயே இறக்கிவிட்டார்கள். பையன் அம்மணமாக இருக்கும் வயதைத் தாண்டியவன், மாதாவின் ரவிக்கை கீழிறங்கி இருக்கிறது, அன்னம்மாள் வேலைக்காரக் கிழவி மாதிரி இருக்கிறாள் என்று காரணம் பல சொல்கிறார்கள். இறக்கியது யார் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கோயில் வேண்டாம் என்றதெல்லாம் மியூசியத்துக்கு வந்திருக்கிறது. இதே ஊரில் ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கும் ஒரு சர்ச்சுக்காக அவர் வரைந்த மாதாவின் மரணமும் இப்படித்தான். வயிறு உப்பி, கால் தெரிய ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள் என்று பாதிரிமார்கள் மறுத்துவிட்டார்கள். ஓவியர் ரூபன்ஸ் சொல்லி மாந்துவா பிரபு வாங்கினார், கை மாறிக் கை மாறி இன்று பாரீஸ் லூவரில் இருக்கிறது.

அறையை விட்டுக் கிளம்பும்முன் கோலியாத்தின் தலையைத் தாவீது பிடித்திருக்கும் படத்தின் முன் ஒரு நிமிஷம் நின்றோம். வெட்டுண்ட தலை காரவாஜியோவின் சொந்த முகம் என்கிறார்கள். 1606 மே மாதம் தோமஸ்ஸோனி என்பவரைச் சண்டையில் குத்திக் கொன்றுவிட்டு ஊரை விட்டு ஓடினவர் அவர். அதன் பிறகு ரோமுக்குத் திரும்பவே இல்லை. 1610-இல் திரும்பிவரும் வழியில் முப்பத்தெட்டு வயதில் செத்துப்போனார். மன்னிப்பு வாங்கித் தரக்கூடிய இடத்தில் இருந்தவர் இதே ஷிப்பியோனேதான் என்பதால், என் தலையை நானே கொடுத்துவிடுகிறேன் என்று அவருக்கு அனுப்பிய மனு இந்தப் படம் என்று ஒரு கருத்து உண்டு. அக்கா தலையைப் பார்த்தாள், தாவீதைப் பார்த்தாள். "ஜெயிச்சவன் முகத்துல சந்தோஷமே இல்லையே," என்றாள்.

அதே மாளிகையில் இருக்கும் சிற்பி பெர்னினியின் சிலைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். தாஃப்னேயின் கால் விரல்களை மட்டும் சொல்கிறேன். அப்பல்லோ துரத்துகிறான், பிடிக்கும் கணத்தில் அவள் மரமாகிறாள். கை விரல்களில் இலை, கால் விரல்களிலிருந்து வேர். பளிங்கில் அவ்வளவு மெல்லிய வேர்! அந்த நுணுக்கமான வேலையில் பெர்னினியின் உதவியாளர் ஜூலியானோ ஃபினெல்லியின் கை உண்டு. பெயரும் புகழும் ஒருவருக்கு, உளி பிடித்தவர்கள் பலர். பிறகு சண்டை போட்டுக்கொண்டு ஃபினெல்லி பிரிந்து போனது எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஒரு மணிக்கு மணியடித்து வெளியே அனுப்பினார்கள். பஸ் பிடித்து ஊருக்குள் இறங்கி, சதுரம் சதுரமாக வெட்டி எடை போட்டுத் தரும் பீட்சா கடையில் உருளைக்கிழங்கு போட்டது வாங்கிச் சாப்பிட்டோம். பீட்சாவில் உருளைக்கிழங்கா என்று நானும் நினைத்தேன். அக்கா இரண்டாம் முறை போய் வாங்கினாள். தெருக்குழாயில் தண்ணீர் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது, இந்த ஊர் முழுக்க அப்படித்தான். மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் நசோனி, அதாவது பெரிய மூக்கு, என்று பெயர். அடியில் விரலால் அடைத்தால் மேலே இருக்கும் ஓட்டை வழியாகப் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கலாம். அக்கா குடித்தாள், பாட்டிலில் பிடித்தாள், முகம் கழுவினாள், காலையும் கழுவப் போனவளைத் தடுத்தேன்.

தப்பு ஒன்று செய்துவிட்டேன். சர்ச்சுகள் மத்தியானம் சாத்துவார்கள் என்பது தெரிந்தும் நேரம் பார்க்காமல் அடுத்த சர்ச்சான சாந்த் அகொஸ்தீனோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு மூடியிருந்தது. இரண்டு மணி நேரம் என்ன செய்வது? ரோமின் தெருக்களில் கை அகலத்துக்குக் கறுப்புக் கற்கள் பதித்திருப்பார்கள், பார்க்க அழகு, நடந்தால் கணுக்கால் போய்விடும். நவோனா சதுக்கத்துக் கல் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டோம். "மதுரையிலயும் பன்னெண்டரைக்கு நடை சாத்திடுவாங்க," என்றாள் அக்கா சமாதானமாக. "சாமியும் தூங்கணும்ல."

நாலு மணிக்குச் சாந்த் அகொஸ்தீனோவின் கதவு திறந்தது.

நுழைந்ததும் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாதா, சன்சோவீனோ என்பவர் 1521-இல் செதுக்கியது. பிரசவ மாதா என்று பெயர். சுற்றிலும் குழந்தைகளின் போட்டோ, நீல ரிப்பன், ரோஸ் ரிப்பன், வெள்ளி இதயங்கள். சிலையின் ஒரு பாதம் ஆயிரக்கணக்கான கைகள் பட்டுத் தேய்ந்து, வெள்ளிக் கவசம் போட்டு, அந்தக் கவசமும் மழுங்கிக் கிடக்கிறது. நான் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்றிருந்த வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி சிரித்து இடம் விட்டாள். காலையிலிருந்து அக்கா தேடிக்கொண்டிருந்த ஊர் அங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

இடப்பக்கம் முதல் சன்னதியில் எங்கள் ஆள். லொரேத்தோ மாதா.

நாசரேத்தில் மாதா வாழ்ந்த வீட்டைத் தேவதூதர்கள் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு பறந்து வந்து இத்தாலியின் லொரேத்தோ ஊரில் இறக்கினார்கள் என்பது நம்பிக்கை. அந்த ஊருக்கு ஜனங்கள் நடைப்பயணமாகப் போவார்கள். மற்ற ஓவியர்கள் இந்தக் கதைக்கு வீடு பறப்பதை வரைந்தார்கள். கூரைமேல் மாதா உட்கார்ந்திருப்பாள், தேவதூதர்கள் சுமப்பார்கள். காரவாஜியோ அதையெல்லாம் தொடவில்லை. காரை பெயர்ந்த ஒரு வாசல், ஒரு படி. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கதவோரம் வந்து நிற்கிறாள், யாரோ கூப்பிட்டதற்கு எட்டிப் பார்க்கிற மாதிரி. வெறுங்கால். லேனா என்ற ரோமாபுரிப் பெண்தான் இந்த மாதா என்கிறார்கள். எதிரே தெருவில் ஒரு கிழவனும் கிழவியும் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறார்கள். நமக்கு அவர்கள் முதுகும், கிழவனின் இரண்டு பாதங்களும்தான் தெரிகின்றன. அழுக்கேறி, வீங்கி, படத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு.

இந்த முறை நான் கேட்பதற்கு முன்பே அக்கா காசு போட்டாள்.

வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு, "பித்தவெடிப்பு," என்றாள்.

எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார்கள். அப்பா இருந்தவரை அப்பாவோடு, பிறகு அக்கா தன் சிநேகிதிகளோடு, முழங்கால் மக்கர் பண்ணும்வரை. செருப்பில்லாமல்தான். மூன்றாம் நாள் ராத்திரி ஏதாவது பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையாகக் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள், எல்லாக் காலும் இதே கால். தார் பட்டு, கொப்புளம் உடைந்து, குதிகாலில் கோடு கோடாக வெடித்து. நான் ஒரே ஒரு தடவை பாதி வழிவரை போய்விட்டு பஸ்ஸில் திரும்பினவள், அதனால் இதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்குக் குறைவு.

பால்யோனே என்ற ஓவியர் பிற்காலத்தில் காரவாஜியோவின் வரலாற்றை எழுதினார். இவர்கள் இருவரும் ஜன்மப் பகை. தன்னைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார் என்று 1603-இல் காரவாஜியோமேல் வழக்குப் போட்டவர் அவர். ஒருவனுக்குச் சேற்றுக்கால், ஒருத்திக்குக் கிழிந்த அழுக்குத் தலைத்துணி, இதைப் பார்த்து ஜனங்கள் பெரிய ஆரவாரம் செய்தார்கள் என்று 1642-இல் வந்த அந்தப் புத்தகத்தில் முகம் சுளித்து எழுதியிருக்கிறார். திட்டுவதாக நினைத்துக்கொண்டு அவர் எழுதியதைப் படித்தால் எனக்கு வேறு ஏதோ கேட்கிறது. கால் நடையாக வந்த ஜனங்கள் பீடத்தின்மேல் தங்கள் காலைப் பார்த்துவிட்டுச் சும்மாவா இருந்திருப்பார்கள்?

அக்கா பெஞ்சில் உட்காராமல் சன்னதிக்கு முன்னால் மண்டியிட்டாள். முழங்கால் வலிக்காரி, நான் பதறினேன். "நீயும் வந்து பாருடி," என்றாள். பக்கத்தில் நானும் மண்டியிட்டேன். நின்று பார்த்தபோது கிழவனின் கால் எனக்குக் கீழே எங்கோ இருந்தது. இப்போது முகத்துக்கு எதிரே வந்துவிட்டது, நாங்கள் அந்தக் கிழவனுக்கும் கிழவிக்கும் பின்னால் வரிசையில் மூன்றாவது நான்காவது ஆட்களாகிவிட்டோம். கூட்டமான நாளில் சன்னதியில் முன்னால் நிற்பவரின் முதுகை ஒட்டித்தானே நாம் சாமியைப் பார்ப்போம்? மண்டியிடப் போகிறவனுக்காக அளந்து வரைந்த படம். இதைக் கழற்றிக் கொண்டுபோய் பொர்கேசேயின் அந்த அறையில் மாட்டியிருந்தால் நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டு பார்த்திருப்பேன், ஓவியத்தில் அழுக்கை எவ்வளவு தத்ரூபமாக வரைந்திருக்கிறார் என்று வியந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பேன்.

விளக்கு அணைந்ததும் அக்கா எழுந்திருக்கவில்லை. இருட்டில் குழந்தையின் உடம்பும் மாதாவின் கழுத்தும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. கருவறையில் கற்பூரம் காட்டி முடித்த பிறகு, இப்போது பார்த்த முகத்தை இருட்டில் மறுபடி தேடுவோமே, அதே தேடல்.

எழுந்தபோது பார்த்தேன், அவள் எப்போதோ ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளியிருந்தாள். சாக்ஸையும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகச் சான் லுயீஜி, ரோமில் பிரெஞ்சுக்காரர்களின் சர்ச். அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. கொந்தரெல்லி என்று இத்தாலியப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு பிரெஞ்சுக் கர்தினாலின் சன்னதி. அவர் 1585-இல் இறந்து, பதினாலு வருஷம் கழித்துத்தான் வேலை காரவாஜியோ கைக்கு வந்தது. பக்கத்து மாளிகையில் இருந்த கர்தினால் தெல் மோந்தேயின் ஆதரவில் கிடைத்த வாய்ப்பு. அந்த மாளிகையில் இப்போது இத்தாலியின் செனட் நடக்கிறது, வாசலில் துப்பாக்கியோடு காவல்.

மூன்று படமும் மத்தேயு. இடப்பக்கச் சுவரில் இருப்பதைத்தான் எல்லாரும் பார்க்க வருகிறார்கள். வரி வசூலிக்கும் மத்தேயு சகாக்களோடு மேஜையில் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார். வலப்பக்கத்திலிருந்து இயேசு வந்து கை நீட்டிக் கூப்பிடுகிறார். மேஜைக்காரர்கள் இறகு வைத்த தொப்பி, பட்டுச் சட்டை, காலுறை. வந்தவர்கள் வெறுங்கால். கூப்பிடும்போதே இயேசுவின் பாதம் வெளியே போகத் திரும்பிவிட்டது. படத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் இயேசுவின் தலைக்கு மேலிருந்து, அதாவது வலமிருந்து விழுகிறது. சன்னதியில் பீடத்துக்கு மேலே இருக்கும் நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான். வரைந்த வெளிச்சம் அந்த ஜன்னல் வழியாக வந்த மாதிரியே இருக்கிறது. இதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அங்கே நின்று தலையைத் திருப்பி அந்த ஜன்னலைப் பார்த்தபோது சின்னதாக ஒரு சிலிர்ப்பு வந்தது.

"இதுல மத்தேயு யாரு?" என்றாள்.

தாடிக்காரர் விரலை நீட்டுகிறார், அது தன்னையா, பக்கத்தில் தலை குனிந்து காசு எண்ணும் பையனையா என்று இன்றும் சண்டை நடக்கிறது என்றேன். கவுண்ட்டரில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எண்ணிக்கிட்டு இருக்கானே, அவன்தான். எண்ணும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டா நிமிர முடியாது, கணக்கு விட்டுப்போயிடும்."

நடுவில் பீடத்தின் மேல் இருப்பது, மத்தேயு நற்செய்தி எழுத, தேவதூதன் மேலிருந்து விரல் விட்டு எண்ணிச் சொல்லும் படம். கௌரவமான காவி உடை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். ஆனால் முக்காலி மட்டும் விளிம்பைத் தாண்டிப் பீடத்தின்மேல் விழப்போகிற மாதிரி சாய்ந்திருக்கிறது. இது இரண்டாவது படம். முதலில் வரைந்ததில் மத்தேயு எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், தேவதூதன் அவர் கையைப் பிடித்து எழுதவைத்தான். கால் நேராக வெளியே, பூசை செய்யும் பாதிரியார் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கால்மேல் கால் போட்டு ஜனங்களுக்குப் பாதத்தைக் காட்டுகிறவர் புனிதர் மாதிரி இல்லை என்று பாதிரிமார்கள் இறக்கிவிட்டார்கள் என்று, காரவாஜியோவின் வரலாற்றை எழுதிய இன்னொருவரான பெல்லோரி எழுதி வைத்திருக்கிறார். ஜுஸ்தினியானி என்ற செல்வந்தர் வாங்கிக்கொண்டார். அதுவும் பிறகு பெர்லின் மியூசியத்துக்குப் போனது. 1945-இல், போர் முடிகிற நேரத்தில், பத்திரமாக வைத்திருந்த கோபுரத்தில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. இப்போது கறுப்பு வெள்ளை போட்டோ மட்டும்தான். போனில் அந்தப் போட்டோவை எடுத்து அக்காவிடம் காட்டினேன். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தது எந்த இடத்தை என்று எழுத வேண்டுமா?

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. ஓட்டல்வரை அந்தக் கறுப்புக் கற்களில் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி வழியில் அக்கா பேசுவதை நிறுத்தினாள், அது அவளுக்கு வலி அதிகம் என்பதற்கு அடையாளம்.

அறைக்கு வந்ததும் குளியலறைக்குள் போனவளை அரை மணி ஆகியும் காணோம். எட்டிப் பார்த்தேன். இத்தாலியில் வீட்டுக்கு வீடு பீடே என்று ஒரு பீங்கான் தொட்டி கழிப்பறையை ஒட்டி இருக்கும். 1975-இலிருந்து வீட்டுக்கு ஒன்று கட்டாயம் என்று சட்டமே உண்டு. கால் கழுவுவதற்கு இல்லை அது. அக்கா அதில் வெந்நீர் நிரப்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பைப் போட்டு, மூடியை மூடிய கம்மோடின்மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டுக் கண்ணை மூடியிருந்தாள்.

"அக்கா, அது எதுக்குன்னு தெரியுமா?"

"எதுக்கா இருந்தா என்னடி. அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு."

சாந்த் அகொஸ்தீனோவின் தரையில் வெறுங்காலோடு நடந்த அழுக்கு மெல்லக் கரைந்து தண்ணீர் கறுத்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் சூடா ஊத்து," என்றாள்.